பாரணை அன்னிக்கு ஏன் கை நிக்கலை? பசியும் மனசும் பற்றி ஒரு பாடம்

 

கந்த சஷ்டி முடிஞ்ச அடுத்த வாரம் எனக்கு வருஷா வருஷம் ஒரே மாதிரி கேள்விகள் வரும். "அக்கா, ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஒரு குறையும் இல்லாம முடிச்சேன். ஏழாம் நாள் இலையில உட்கார்ந்தா நிறுத்தவே முடியலை. வயிறு வலிக்கிற வரைக்கும் சாப்பிட்டேன், ராத்திரி எழுந்து மறுபடியும் சாப்பிட்டேன். அப்போ என் விரதம் பொய்யா?" இது ஒருத்தர். "நாலாம் நாள் அம்மாகிட்ட காரணமே இல்லாம கத்திட்டேன். விரதத்துல இருக்கிறவளுக்கு இப்படிக் கோவம் வரலாமா?" இது இன்னொருத்தர். விரதமே இல்லாத சாதாரண நாள்லயும், "மனசு சரியில்லைன்னா பிஸ்கட் பாக்கெட்டை முழுசா காலி பண்ணிடறேன், அப்புறம் என்மேலயே அருவருப்பா இருக்கு"ன்னு சொல்றவங்க நிறைய.

நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில ஊட்டச்சத்து பாடம் நடத்துறவ. சஷ்டி விரதம் சின்ன வயசுலேர்ந்து இருந்து வர்றேன். இந்த ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பார்த்து எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். பதிலை முதல்லயே சொல்லிடறேன்: உங்க விரதமும் பொய்யில்லை, உங்க பக்தியிலயும் குறையில்லை. பசி வயித்தோட நின்னுக்காது. அது மனசுக்குள்ள போய் உட்கார்ந்து, உங்க குரல்லயே பேசும். அப்படிப் பேசறதை நாம "என் மனசு கெட்டுப் போச்சு"ன்னு எடுத்துக்கறோம்.

இதை விளக்க நான் வகுப்புல எப்பவும் ஒரு கதை சொல்வேன். கதைன்னா கற்பனை இல்லை, நடந்தது.

1944 நவம்பர். இரண்டாம் உலகப் போர் முடியப் போற நேரம். ஐரோப்பாவுல லட்சக்கணக்கான ஜனங்க பட்டினி. போர் முடிஞ்சதும் அவங்களுக்கு எதை, எவ்வளவு, எப்படிக் கொடுத்து மீட்கிறதுன்னு யாருக்கும் தெளிவா தெரியலை. அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், இதைத் தெரிஞ்சுக்க ஒரு சோதனை ஏற்பாடு செய்தார். ஆரோக்கியமான இளைஞர்களைப் பல மாசம் அரைப்பட்டினி போட்டு, அப்புறம் மெல்ல மீட்டுக் கொண்டு வரணும். இன்னைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த ஊர்லயும் அனுமதி கிடைக்காது, அது வேற விஷயம்.

யார் வந்தாங்க தெரியுமா? மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டோம்னு படையில சேர மறுத்த இளைஞர்கள். குவேக்கர், மென்னோனைட் மாதிரி அமைதி வழி கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவங்க அதுல நிறைய பேர். எங்கேயோ பசியில கிடக்கிற, முகம் தெரியாத ஜனங்களுக்காக நாம பட்டினி கிடப்போம்னு நூத்துக்கணக்குல முன்வந்தாங்க. அதுல உடம்பும் மனசும் நல்லா உறுதியா இருக்கிற 36 பேரைத்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாங்க. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. அவங்க மனத்திடம் இல்லாதவங்க இல்லை. தர்மத்துக்காகப் பசியை ஏத்துக்கிட்டவங்க. ஒரு வகையில நம்ம விரதக்காரங்க மாதிரிதான்.

முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடு, நாளுக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் சுமார் 1,570 கலோரி. ஒரு நாளைக்கு ரெண்டே வேளை: ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கிழங்கு வகை, மக்ரோனி. அதோட வாரத்துக்கு 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் நடக்கணும். பல்கலைக்கழக விளையாட்டு அரங்கத்துலேயே தங்கல்.

கவனிங்க, முழுப் பட்டினி இல்லை. போன்ல சுத்துற "பத்தே நாள்ல எடை குறைய" அட்டவணைகள் பலதும் இதைவிடக் குறைவான கலோரிதான் கொடுக்குது.

உடம்பு இளைச்சது எதிர்பார்த்ததுதான், எடையில சுமார் கால்வாசி போச்சு. ஆனா கீஸோட குழுவை அசர வச்சது மனசுல நடந்தது. சிரிச்சுப் பேசி சண்டை போட்டு விளையாடின பசங்க ஒவ்வொருத்தரா ஒதுங்கிப் போனாங்க. சின்ன விஷயத்துக்கு எரிச்சல். பேச்சுல கேலி நின்னு போச்சு. காதல், கல்யாணம், பெண்கள் மேல இருந்த ஆசை எல்லாம் வத்திப் போச்சு. உலகத்தை மாத்தணும்னு வந்தவங்க, சாப்பாட்டைத் தவிர வேற எதையும் நினைக்க முடியாம ஆனாங்க. சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரிப் படிச்சாங்க, அதைச் சேர்க்க ஆரம்பிச்சாங்க. கொடுத்த சாப்பாட்டுல தண்ணி ஊத்திப் பெருக்கி, ஒரு வேளையை ரெண்டு மணி நேரம் இழுத்துச் சாப்பிட்டாங்க. தட்டை நக்கினாங்க. சூயிங்கம்மும் காப்பியும் அளவில்லாமப் போக, காப்பிக்கு நாளைக்கு ஒன்பது கோப்பைன்னு வரம்பு வைக்க வேண்டியதாச்சு. சிலர் கட்டுப்பாட்டை மீறி ரகசியமா வாங்கித் தின்னுட்டு, அப்புறம் குற்ற உணர்ச்சியில தவிச்சாங்க. தனியா வெளியே போகக்கூடாது, துணையோடதான் போகணும்னு விதி போட்டாங்க.

மீட்பு காலம் இன்னும் பெரிய பாடம். சாப்பாட்டை ஏத்தினதும் மனசு உடனே தெளிஞ்சிடும்னு எதிர்பார்த்தாங்க. அப்படி ஆகலை. ஆரம்பத்துல சிலருக்குச் சோர்வு இன்னும் அதிகமாச்சு. கட்டுப்பாடு இல்லாமச் சாப்பிடலாம்னு விட்டப்போ, சிலர் வயிறு நிறைஞ்ச பிறகும் பசி அடங்காம மலை மாதிரிச் சாப்பிட்டாங்க. வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கு, ஆனாலும் பசிக்குது. அந்த நிலைமை மாசக்கணக்குல நீடிச்சது. 1950ல கீஸ் குழு இதையெல்லாம் ரெண்டு தடிமனான தொகுதிகளா வெளியிட்டாங்க. உண்ணும் கோளாறுகளுக்குச் சிகிச்சை தர்றவங்க இன்னைக்கும் அதைத் திருப்பிப் பார்க்கிறாங்க.

இப்போ ஏழாம் நாள் இலைக்கு வாங்க. கை நிக்கலைன்னு அழுதீங்களே, அந்த 36 பேர்ல சிலருக்கும் நிக்கலை. உடம்பு அவ்வளவுதான் கேட்கும். சாப்பாடு குறைஞ்சா, அது பக்தியாலயா, டயட்டாலயா, பஞ்சத்தாலயான்னு உடம்புக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. சாப்பாட்டைத் தேடுன்னு மூளையை விரட்டும், கிடைச்சா விடாதேன்னு சொல்லும்.

ஔவைப் பாட்டி இதை நல்வழியில எப்பவோ பட்டியல் போட்டாச்சு. பசி வந்தா விட்டு ஓடிப் போகிற பத்துல மானம், கல்வி, தானம் எல்லாம் வரும், ஆசையும் வரும். அந்தப் பத்துல தவமும் ஒண்ணு! சூயிங்கம் மென்ன பசங்களைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். ஆறு நாள் விரதமும் 24 வார அரைப்பட்டினியும் ஒண்ணில்லை. நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்குற ஒரு உடம்பு ஆறு நாள் பாலும் பழமும் தாங்கும். கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் எரிச்சல், அதோட போயிடும். சிக்கல் எங்கே வருதுன்னா, ஏற்கெனவே காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காம அரை வயிறு, எடை குறைக்கிறேன்னு ராத்திரி வெறும் வெள்ளரிக்காய்னு மூணு மாசமா ஓட்டிட்டு, அதுமேல மிளகு விரதமோ தண்ணி விரதமோ ஏத்தினா. நீங்க ஆறு நாள் பட்டினின்னு கணக்கு வச்சிருப்பீங்க. உடம்பு வச்சிருக்கிற கணக்கு வேற.

இதுவரைக்கும் சொன்னது சாப்பாடு மனசை எப்படி மாத்துதுன்னு. மனசு சாப்பாட்டை மாத்துறதும் இதே அளவுக்கு உண்மை.

தேர்வு அன்னிக்குக் காலையில இட்லி தொண்டையில இறங்காது, இல்லையா? திடீர் பயத்துல அட்ரினலின் சுரந்து, இப்போ செரிமானம் வேண்டாம்னு நிறுத்தி வைக்குது. அதே பயம் வாரக்கணக்குல இழுத்தா கதை தலைகீழ். கார்டிசால்ங்கிற ஹார்மோன் உயர்ந்தே இருக்கும், பலருக்குப் பசி கூடும், அதுவும் இனிப்பு, எண்ணெய் பலகாரம் மேலதான் போகும். வேலை தேடி அலையுற பையன் ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா ஆர்டர் போடறது சோம்பேறித்தனத்தால இல்லை. தூக்கம் குறைஞ்சா இன்னும் மோசம். பசியைத் தூண்டுற கிரெலின் ஏறும், போதும்னு சொல்ற லெப்டின் இறங்கும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் பார்க்கிறவங்களுக்கு வர்ற பசியில பாதி தூக்கத்தோட பசின்னு நான் சொன்னா வகுப்புல சிரிப்பாங்க. சிரிச்சுட்டு, அது உண்மைதான் மேடம்னு ஒத்துக்குவாங்க.

வயித்துப் பசி எது, மனப்பசி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் சொல்ற வழி ரொம்பச் சாதாரணம். தயிர் சாதம் கொடுத்தா சாப்பிடுவீங்களான்னு உங்களையே கேளுங்க. வயித்துப் பசின்னா தயிர் சாதமும் தேவாமிர்தம். "வேண்டாம், சிப்ஸ்தான் வேணும், அந்தக் கடை கேக்தான் வேணும்"னா, பெரும்பாலும் மனசு வேற எதையோ கேட்குது. அப்பவும் சாப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லலை! துக்கத்துல ஒரு டம்ளர் காப்பியும் ரெண்டு முறுக்கும் ஆறுதல்தான், நம்ம வீடுகள்ல காலங்காலமா அப்படித்தான். ஆறுதலுக்கு இருக்கிற ஒரே வழி அதுன்னு ஆகும்போதுதான், சாப்பிட்ட பிறகு வெட்கமும் அதை மறைக்கிற பழக்கமும் சேர்ந்துக்கும்.

அப்புறம் அந்த பார்வர்டு. "சந்தோஷ ஹார்மோன் செரோட்டோனின் 90 சதவீதம் குடல்லதான் சுரக்குது, அதனால இதைச் சாப்பிட்டா மனச்சோர்வு போயிடும்"னு வருமே. முதல் பாதி சரி. உடம்புல இருக்கிற செரோட்டோனின்ல பெரும்பகுதி குடல்லதான் உற்பத்தி ஆகுது. ஆனா அது ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போக முடியாது. மூளை தனக்கு வேணுங்கறதைத் தானே செஞ்சுக்குது. குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு நிச்சயமா இருக்கு. வேகஸ் நரம்புல பெரும்பாலான இழைகள் வயித்துலேர்ந்து மூளைக்குத்தான் சேதி கொண்டு போகுது. அதுக்காக ஒரே ஒரு பழம் மனச்சோர்வைத் தீர்க்காது.

மொத்தச் சாப்பாட்டு முறை மாறினா? அதுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல பெலிஸ் ஜாக்கா குழு 2017ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. மனச்சோர்வு உள்ள 67 பேர், 12 வாரம். ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை: காய், பழம், முழுத் தானியம், பருப்பு, கொட்டைகள், மீன். இன்னொரு பாதிக்குப் பேச்சுத்துணை மட்டும். முடிவுல உணவு மாத்தினவங்கள்ல சுமார் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலேர்ந்து வெளியே வந்திருந்தாங்க, மற்றவங்கள்ல 8 சதவீதம். சின்ன ஆய்வு, அதுலயும் பெரும்பாலானோர் ஏற்கெனவே சிகிச்சையில இருந்தவங்க. மருந்துக்குப் பதில்னு எடுத்துக்காதீங்க, மருந்தோட கூடன்னு எடுத்துக்கோங்க. நம்ம ஊர்ல அதுக்கு ஆலிவ் எண்ணெய் தேட வேண்டாம். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, கீரை, நிலக்கடலை, கோயில்ல கொடுக்கிற சுண்டல், எல்லாம் அதே குடும்பம்தான்.

சைவ உணவுக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. பி12 சத்து இயற்கையா அசைவத்துலயும் முட்டையிலயும் பால் பொருட்கள்லயும்தான் இருக்கு. பாலும் தயிரும் சரியா எடுக்காத சைவர்களுக்கு அது குறைஞ்சா சோர்வு, மறதி, கை கால் மரமரப்பு, மனசு கனமா இருக்கிறது எல்லாம் வரும். இரும்புச்சத்து குறைஞ்ச பெண்களுக்கும் இதே அசதி. ஆறு மாசமா "மனசே சரியில்லை"ன்னு இருந்தா, பரிகாரம் தேடுறதோட சேர்த்து ஒரு ரத்தப் பரிசோதனையும் செஞ்சுடுங்க.

இப்போ கொஞ்சம் கஷ்டமான இடம். விரதத்தைச் சாக்கா வச்சுச் சாப்பிடாம இருக்கிறவங்க நம்ம நடுவுல இருக்காங்க. வீட்டுல சண்டை, கோவத்துல ரெண்டு வேளை சாப்பிடலை, கேட்டா "கிருத்திகை விரதம்". கண்ணாடியில உடம்பைப் பார்த்து வெறுப்பு, செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகைன்னு வாரத்துல நாலு நாள் விரதம். வீட்டுல "எவ்வளவு பக்தி பாரு"ன்னு பெருமை வேற. வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அதனாலதான் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. விரதம் முடியுற நேரம் நெருங்கும்போது உங்களுக்கு நிம்மதியா இருக்கா, பயமா இருக்கா? சாப்பிடத் தொடங்கணுமேன்னு பயம் வந்தா, பிரசாதத்துல எத்தனை கலோரின்னு மனசு கணக்குப் போட்டா, சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேத்தினா, அது உண்ணும் கோளாறோட அறிகுறி. அதுக்குச் சிகிச்சை இருக்கு. அந்த நிலையில விரதத்தை நிறுத்தி வைக்கிறதுல தெய்வக் குத்தம் எதுவும் இல்லைன்னுதான் நான் நம்புறேன். பாட்டு பாடுங்க, கோயில் பிரகாரத்தைச் சுத்துங்க, வேல் வரைஞ்சு பூஜை பண்ணுங்க. சாப்பிடாம இருக்கிறது பக்தியில ஒரே ஒரு பகுதிதான்.

இதேபோல, ரெண்டு வாரத்துக்கு மேல பசியே எடுக்கலை, இல்லை எப்பவும் தின்னுட்டே இருக்கோம், கூடவே எதுலயும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டுப் போச்சுன்னா, அதைத் தள்ளிப் போடாதீங்க. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் கேட்கிற கேள்விகள்ல பசி மாற்றமும் ஒண்ணு. இந்தியாவுல இருக்கிறவங்க 14416ஐக் கூப்பிடலாம். டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கின இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். இலங்கையில 1926. ஹாஸ்டல்ல உங்க தோழி சாப்பிடாம இருந்தா, "ஏண்டி இப்படி இளைச்சுட்டே"ன்னு உடம்பைப் பத்திப் பேசாதீங்க. "வா, நானும் இன்னும் சாப்பிடலை, சேர்ந்து உட்காரலாம்"னு கூப்பிடுங்க.

மாத்திரை எடுக்கிறவங்க விரதத்துக்கு முன்னாடி மருத்துவரைக் கேட்டே ஆகணும். சர்க்கரை நோய்க்காரங்களுக்கு இது தெரியும். மனநலத்துக்கு மருந்து எடுக்கிறவங்களுக்குத்தான் பெரும்பாலும் யாரும் சொல்றதில்லை. முக்கியமா லித்தியம் எடுக்கிறவங்க தண்ணி குடிக்காம விரதம் இருந்தா, உடம்புல நீர் வத்தி, மருந்தோட அளவு ரத்தத்துல ஆபத்தான அளவுக்கு ஏறிடலாம். விரதம்னு மாத்திரையை நீங்களா நிறுத்தறதும் ஆபத்து. கர்ப்பிணிகளும் வளர்ற வயசுப் பிள்ளைகளும் கடுமையான விரதம் வேண்டாம்.

கடைசியா பாரணை. ஐந்து நாளுக்கு மேல ஏறக்குறைய ஒண்ணுமே சாப்பிடாதவங்க ஒரேயடியா நிறைய சாப்பிட்டா, ரத்தத்துல பாஸ்பேட் மாதிரி உப்புகள் சரிஞ்சு, இதயம் வரைக்கும் பாதிக்கலாம். அதனால தண்ணி விரதமோ மிளகு விரதமோ இருந்தவங்க மருத்துவர் மேற்பார்வை இல்லாம அதை இருக்கவே வேண்டாம்னு நான் கறாராச் சொல்வேன். பாலும் பழமும், ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி இருந்தவங்களும் ஏழாம் நாள் காலையில வடையில ஆரம்பிக்காதீங்க. முதல்ல நொய்க்கஞ்சி, கொஞ்சம் மோர். ரெண்டு மணி நேரம் கழிச்சு இட்லி. மத்தியானம் பருப்பு சாதம், ஒரு காய். ராத்திரி மறுபடியும் பசிச்சா எழுந்து சாப்பிடுங்க, ஒளிஞ்சு சாப்பிட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம், விளக்கைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்க. திருக்கல்யாணத்து வடை பாயசத்தை அம்மாகிட்ட சொல்லி மறுநாளைக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க. நாளைக்கும் இருக்குன்னு தெரிஞ்சா இன்னைக்குக் கை தானா கொஞ்சம் மெதுவாகும்.

அரோகரா!